நிழலுருப் படமும் பத்துமலைக் குகைவாயும்

முகத்தை மறைத்து வடிவத்தை மட்டும் காட்டும் கலை தமிழர்க்குப் புதியதன்று. பாலக்காட்டுப் பகுதியின் பகவதி கோயில்களில் நடைபெறும் தோற்பாவைக்கூத்தில், கம்பராமாயணப் பாடல்களுக்கேற்ப, மான்தோலில் வெட்டிய பாவைகளின் நிழல் திரையில் ஆடும். பின்னால் எரிவன 21 விளக்குகள். கிளந்தான் மாநிலத்து வாயாங் கூலிட்டும் இராமன் கதையை இவ்வாறே நிழலில் நடத்திவந்தது. இரண்டிலும் பாவைகள் பெரும்பாலும் பக்கவாட்டில் நிற்கக் காணலாம். நேரே நோக்கும் முகத்தின் நிழல் வெறும் வட்டம். சற்றே திரும்பி நின்றால்தான் மூக்கும் உதடும் மோவாயும் பேசும்.

இவ்வகை உருவுக்கு ஐரோப்பியர் வழங்கும் 'சிலுவெட்' என்னும் பெயர், 1759-இல் பிரான்சின் நிதியமைச்சராயிருந்த எத்தியேன் த சிலுவெட்டினுடையது. அவருடைய சிக்கனத்தை ஏளனம் செய்தவர்கள் மலிவான பொருளுக்கெல்லாம் அவர் பெயரை ஒட்டினர் என்பர். ஓவியனுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்க்குக் கறுப்புத் தாளில் வெட்டிய உருவமே போதுமானதாயிற்று. 1839-இல் ஒளிப்படக்கலை உலகறிய வெளிவந்தபின் அத்தொழில் மெல்ல மங்கியது.

ஆயினும் நிழலுரு ஒளிப்படத்துக்குள்ளேயே புகுந்துகொண்டது. அதுவும் அழையாத விருந்தாளியாக. 19-ஆம் நூற்றாண்டுத் தகடுகள் நீல ஒளியையே மிகுதியும் உணர்ந்தன. சிவப்பும் பழுப்பும் அவற்றுக்கு ஏறக்குறைய இருளே. ஆதலின் வானம் வெளுத்துப்போக, செம்மண்ணும் மாநிறத் தோலும் உள்ளதினும் கறுத்துப் பதிந்தன. எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906-இல்தான் கடைக்கு வந்தன. 1867-இல் சிங்கப்பூரில் படநிலையம் திறந்த ஜி. ஆர். லாம்பர்ட் போன்றோரின் நிறுவனங்கள், மலாயாவின் மக்கள் படங்களை ஆளின் பெயரின்றி இனத்தின் பெயராலேயே விற்றன. தமிழரும் அவ்வாறே விற்கப்பட்டனர். தகடு முகத்தை இருட்டியது. தலைப்பு பெயரை விழுங்கியது. பின்னதற்கு இரசாயனத்தைப் பழிசொல்ல இயலாது.

இன்று நிழலுரு எடுப்போன் இருளைத் தானே விரும்பி ஏற்கிறான். கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்குப் பத்துமலையினும் ஏற்ற இடம் இல்லை எனலாம். 1892 முதல் தைப்பூசம் நடந்துவரும் அம்மலையின் கோயிற்குகைக்குள் நின்று வாயிலை நோக்கினால், வெளியொளி உள்ளொளியைவிடப் பன்மடங்கு மிகுந்திருக்கும். காமிராவில் வானத்துக்கு ஒளியளவு வைத்தால், 272 படிகளும் ஏறி வாயிலில் கால்வைக்கும் காவடிக்காரர் கருநிழலாவர். குகைவாயின் கரடுமுரடான விளிம்பே படத்துக்குச் சட்டம். மேலிருந்து தொங்கும் சுண்ணாம்புக்கல் விழுதுகள் அச்சட்டத்தின் வேலைப்பாடு.

மனிதர் நிழலைப் பாவை நிழல்போல் விரும்பியவாறு திருப்பிவைக்க முடியாது. காவடியின் வளைவும் மயிற்பீலியும் நேர்நோக்கில் தெளியும். தலையில் பால்குடம் தாங்கிய பெண்ணின் உயர்த்திய கைகளுக்கும் முகத்துக்கும் இடையே வெளிச்சம் தெரியவேண்டும். இல்லையேல் குடமும் கையும் தலையும் ஒரே கரும்பிண்டமாகும். இருவர் நெருங்கி நடந்தால் நான்கு கால்களும் ஒரு தூணாகும். ஆகவே கூட்டத்தில் ஓர் இடைவெளி வரும்வரை காத்திருத்தலே இங்கு அமைப்புக்கலையின் பாதி. அலகு குத்திய நாவும் கண்ணீரும் இப்படத்தில் வாரா. அவற்றை வேண்டுவோர் ஒளிவிழும் படிக்கட்டுப் பக்கம் போய் நிற்பதே முறை. ஆனால் ஆளைக் கேட்டுப் பெயரைக் குறித்துக்கொண்டால், முகம் மறைந்தாலும் ஆள் மறையார். பழைய படநிலையத்தார் செய்யாது விட்டது இதுவே.

நகருக்குள் சிக்கல் வேறு. 1897-இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் மணிக்கூண்டு சுமார் 41 மீட்டர். 1998-இல் முடிந்த இரட்டைக் கோபுரம் 452 மீட்டர். நிழலுருவில் தொலைவு என்பதே இல்லை. முன்னதும் பின்னதும் ஒரே கறுப்பு. பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலையிலுள்ள கந்தசுவாமி கோயிலின் கோபுரத்துக்குப் பின்னே ஓர் அடுக்குமாடி வந்துவிட்டால், கோபுரம் அதில் கரைந்துபோகும். கலசங்களை வெறுவானில் நிறுத்த, தரையோடு தாழ்ந்து அண்ணாந்து நோக்கவேண்டும். அதற்கும் பொழுது குறைவு. நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள ஊராதலின் கதிரவன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குகிறான். அவன் மறைந்த 20 நிமிடத்துக்கெல்லாம் அந்தி முடிகிறது. அதற்குள் விளக்குகள் எரியத் தொடங்கி, நிழலாக நின்ற சாளரங்கள் ஒவ்வொன்றாய்க் கண்திறந்துவிடும்.