கண்ணி தேடும் கப்பல்

கடற்போர் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன பெரும் பீரங்கிகளைத் தாங்கிய போர்க்கப்பல்களும் விமானந் தாங்கிகளும் நீர்மூழ்கிகளுமேயாகும். அவற்றோடு ஒப்பிடுமிடத்து மிகச் சிறியதும், மெதுவாகச் செல்வதும், பலர் பெயரே அறியாததுமான ஒரு கப்பலைப் பற்றி இன்று கூற விரும்புகின்றேன். கடலின் அடியிலே மறைந்து கிடக்கும் கண்ணிகளைத் தேடி அழிக்குங் கப்பலே அது. அது சென்ற வழியிற் பின்னர் வரும் கப்பல்கள் யாதொரு தீங்குமின்றிச் செல்லுமாயின் அதுவே அதன் வெற்றி. ஒன்றும் நிகழாதிருத்தலையே வெற்றியாகக் கொள்ளும் போர்க்கப்பல் இதனையன்றி வேறு அதிகம் இல்லை.

கடற்கண்ணி என்பது தூரதேசத்துச் செய்தி என்று நாம் எண்ணிவிடலாகாது. முதலாம் உலக மகாயுத்தத்தின்போது, 1916ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில், 'வொல்வ்' என்னும் ஜேர்மன் கப்பல் சாதாரண வர்த்தகக் கப்பல்போல வேடம் பூண்டு புறப்பட்டது. அது ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி இந்து சமுத்திரத்துட் புகுந்து, கொழும்புக்கும் பம்பாய்க்கும் அண்மையிலே கண்ணிகளை இட்டுச் சென்றது. 1917ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் 'வூஸ்ரர்ஷயர்', 'பேர்சியஸ்' என்னும் இரு பிரித்தானியக் கப்பல்கள் கொழும்புக்கு வெளியே அக்கண்ணிகளுக்கு இரையாகி மூழ்கின. அவை மூழ்கிய வேளையில் வொல்வ் அங்கே இருக்கவில்லை. கண்ணியின் இயல்பு இதுவே. வைத்தவன் போய்விடுவான், வைத்தது காத்திருக்கும். வருவது போர்க்கப்பலா, அரிசி ஏற்றிவரும் கப்பலா என்று அது பார்ப்பதில்லை. யுத்தம் முடிந்துவிட்டதென்று அதற்கு எவரும் அறிவிப்பதுமில்லை.

இவ்வாயுதம் கடற்போரிலே பேரிடம் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டிலாகும். கிரைமிய யுத்தகாலத்தில் ருஷியர் பால்ற்றிக் கடலிலே தம் துறைமுகங்களைக் காக்கக் கண்ணிகளை இட்டனர். 1904ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், ருஷிய-ஜப்பானிய யுத்தத்தில், 'பெற்றோபாவ்லொவ்ஸ்க்' என்னும் ருஷியப் போர்க்கப்பல் ஜப்பானியரின் கண்ணியிலே சிக்கி அழிந்தது. அதிலிருந்த தளபதி மக்காரொவும் புகழ்பெற்ற ஓவியர் வெரெஷாகினும் மாண்டனர். அடுத்த மாதமே ஜப்பானியர் தம் பெரும் போர்க்கப்பல்கள் இரண்டை ருஷியக் கண்ணிகளால் இழந்தனர். 1915ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், 'நுஸ்ரெற்' என்னும் சிறிய துருக்கியக் கப்பல் தார்தனெல்ஸ் நீரிணையில் இட்ட 26 கண்ணிகள் ஒரே நாளில் மூன்று போர்க்கப்பல்கள் மூழ்கக் காரணமாயின. எளியவன் கையிலும் வலியவனை மடக்கும் ஆற்றலை இவ்வாயுதம் தந்தது.

அக்காலத்துக் கண்ணி, நங்கூரக் கம்பி ஒன்றினாற் கட்டப்பட்டு நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மிதந்துகொண்டிருக்கும். கப்பலின் உடல் அதிலே முட்டினால் வெடிக்கும். இதனை நீக்கும் வழியும் எளிதாகவே இருந்தது. கண்ணிவாரிக் கப்பல் தன் பின்னே நீண்டதொரு கம்பியை இழுத்துச் செல்லும். அது கண்ணியின் நங்கூரக் கம்பியை அறுக்கும். கண்ணி மேலே மிதந்து வரும். மாலுமிகள் துப்பாக்கியாற் சுட்டு அதனை அழிப்பர். வலையிழுக்கும் மீன்பிடிக் கப்பல்களும் அவற்றின் மீனவரும் இவ்வேலைக்குப் பெருந்தொகையாக அழைக்கப்பட்டனர். கடலடியில் இழுவையிழுத்துப் பழகிய கைகள் அல்லவா?

ஆனால் 1939ஆம் ஆண்டில் நிலைமை மாறிற்று. ஜேர்மனியர் கடலின் அடித்தளத்திலே கிடக்கும் காந்தக் கண்ணிகளை இட்டனர். அவற்றுக்கு நங்கூரக் கம்பியுமில்லை. கப்பல் முட்டவேண்டிய தேவையுமில்லை. மேலே செல்லும் இரும்புக் கப்பலின் காந்தப் புலமே அவற்றை வெடிக்கச் செய்தது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் விமானமொன்று இட்ட கண்ணி, தேம்ஸ் நதிமுகத்திலே ஷூபரிநெஸ் என்னுமிடத்துச் சேற்றில் வீழ்ந்தது. நீர் வற்றியபோது அது வெளியே தெரிந்தது. நவம்பர் 23ஆந் திகதி, ஜோன் ஊவ்ரி என்னும் கடற்படை அதிகாரி தம் துணைவர்களோடு, காந்தங் கவராத கருவிகளைக்கொண்டு அதனைக் கழற்றினார். ஒரு சிறு தவறு நேர்ந்திருப்பினும் அவர்கள் மீண்டிருக்க மாட்டார்கள். அதன் இரகசியம் வெளிப்பட்ட பின்னரே, கப்பல்களின் காந்தத்தைக் குறைக்கவும், மின்னோட்டம் செலுத்திய வடங்களை இழுத்துக் கண்ணிகளை வெடிக்கச் செய்யவும் வழி பிறந்தது.

அறிவுக்கும் சூழ்ச்சிக்கும் இடையிலான போட்டி அத்துடன் முடியவில்லை. ஒலிகேட்டு வெடிக்கும் கண்ணிகள் வந்தன. சில கப்பல்களைப் போகவிட்டு, எண்ணிக் காத்திருந்து, பின்னர் வெடிக்குங் கண்ணிகளும் வந்தன. 1944ஆம் ஆண்டில், கப்பல் செல்லும்போது நீரின் அழுத்தத்தில் ஏற்படும் மாற்றத்தை உணரும் கண்ணிகளை ஜேர்மனியர் பயன்படுத்தினர். கப்பலின் ஒலியையும் காந்தத்தையும் போலியாகக் காட்டலாம்; நீரழுத்தத்தைப் போலியாகக் காட்டுவது மிக அரிது. 1950ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, கொரியாவின் வொன்சான் துறைமுகத்தில் ஏறக்குறைய மூவாயிரம் கண்ணிகள் ஒரு பெரும் கப்பற்படையைப் பல நாட்கள் வெளியே நிறுத்திவைத்தன. அவற்றை வார முயன்ற 'பைரேற்', 'பிளெட்ஜ்' என்னும் இரு அமெரிக்கக் கப்பல்கள் ஒரே நாளில் மூழ்கின.

இந்நிலையிலேதான் புதியதொரு கருத்து வலுப்பெற்றது. வாரிக்கொண்டு போவதைவிட ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்து அழிப்பதே உறுதியானது என்பதே அக்கருத்து. கரைவலை இழுப்பவனுக்கும் முத்துக்குளிக்கும் சுழியோடிக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நினைவுகூரலாம். முன்னவன் வலையில் அகப்படுவதை எடுக்கிறான். பின்னவன் கண்டு எடுக்கிறான். வாரிய கடலில் ஒரு கண்ணி தப்பிக் கிடக்கக்கூடும். தேடிப் பார்த்த கடலைப்பற்றி மாலுமிக்கு அதிலும் கூடிய நம்பிக்கையுடன் சொல்லலாம்.

கண்ணிதேடு கப்பல் நடைவேகத்திலே ஊர்ந்து செல்லும். 'சோனார்' என்னும் கருவி முன்னே ஒலியலைகளைச் செலுத்தி, கடலடியிலிருந்து திரும்பும் எதிரொலியைச் சித்திரமாகக் காட்டும். அங்கே தெரிவது பாறையா, பழைய நங்கூரமா, வெறும் பீப்பாயா, கண்ணியா என்று உய்த்துணர வேண்டும். ஐயமிருப்பின் சுழியோடி இறங்குவான். கண்ணியாயின் அதனருகே வெடிமருந்தை வைத்து மீள்வான். பின்னர் தூரத்திலிருந்து அதனை வெடிக்கச் செய்வர். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக வேலை நடைபெறும். அவசரத்துக்கு அங்கே இடமில்லை.

தேடும் கப்பல் தானே கண்ணியை எழுப்பிவிடலாகாது. ஆகவே அது காந்தமற்றதாய், ஓசை குறைந்ததாய் இருத்தல் அவசியம். பிரித்தானியர் 1950களில், அலுமினியச் சட்டத்தின்மேல் மகோகனிப் பலகை வேய்ந்த 'தொன்' வகுப்புக் கப்பல்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைக் கட்டினர். அவை கண்ணிவாரிகளாகவே தொடங்கின. பின்னர் அவற்றுட் சில தேடு கப்பல்களாக மாற்றப்பட்டன. மரமோ நீரில் ஊறிப் பழுதடையும். அதனால் கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்த 'பைபர்கிளாஸ்' என்னும் பொருளால் ஒரு கப்பலைக் கட்டிப் பார்க்கத் துணிந்தனர். இன்று எங்கள் கரையோர மீனவரின் வள்ளங்கள் பல இப்பொருளினால் ஆனவையே. அவ்வாறு 1972ஆம் ஆண்டில் சவுதாம்ப்ரன் நகரையடுத்த வூல்ஸ்ரனில் நீரில் இறக்கப்பட்டு, 1973ஆம் ஆண்டில் சேவையிற் சேர்ந்தது 'வில்ற்றன்'. அப்பொருளால் ஆன முதற் போர்க்கப்பல் அதுவே. உடல் புதிதாயினும் அதன் இயந்திரங்கள் உடைக்கப்பட்ட பழைய கப்பலொன்றிலிருந்து எடுத்துச் செப்பனிடப்பட்டவை. பிளாஸ்ரிக் கப்பல் என்று அதனைப் பரிகசித்தவர்களும் உண்டு.

பரிகாசத்துக்கு விடை விரைவிலே கிடைத்தது. 1967ஆம் ஆண்டு யூன் மாத யுத்தத்தோடு சூயஸ் கால்வாய் மூடப்பட்டிருந்தது. கொழும்பிலிருந்து ஐரோப்பா செல்லும் கப்பல்கள், 1869ஆம் ஆண்டுக்கு முன்னர்போல, ஆபிரிக்காவைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. 1974ஆம் ஆண்டில் எகிப்தியரும் அமெரிக்கரும் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து கால்வாயைத் துப்புரவு செய்தனர். பிரித்தானியா அனுப்பிய தேடு கப்பல்களுள் வில்ற்றனும் ஒன்று. குண்டுகளும் உடைந்த கலங்களும் நிறைந்த கலங்கல் நீரிலே, அடியடியாகத் தேடும் வேலை அது. 1975ஆம் ஆண்டு யூன் 5ஆந் திகதி கால்வாய் மீண்டும் திறக்கப்பட்டது. அன்று அவ்வழி சென்ற கப்பல்களிலிருந்தோர் எத்தனை பேர் அந்தச் சுழியோடிகளை நினைத்திருப்பார்கள்?

வில்ற்றன் காட்டிய வழியிலே பல நாடுகளின் தேடு கப்பல்கள் கண்ணாடியிழையால் எழுந்தன. சுழியோடி செய்த வேலையிற் பெரும்பகுதியை இன்று ஆளில்லாச் சிறு கலங்கள் செய்கின்றன. எனினும் வேலை தீர்ந்தபாடில்லை. இரு மகாயுத்தங்களிலும் இட்ட கண்ணிகள் பால்ற்றிக் கடலிலே இன்னும் அகப்பட்டுக்கொண்டேயிருக்கின்றன. ஒரு கண்ணியை இடுவதற்குச் சில நிமிடங்கள் போதும். அதனைத் தேடி எடுப்பதற்கோ ஒரு தலைமுறையும் போதாமற் போகலாம்.

வில்ற்றன் 1994ஆம் ஆண்டிலே சேவையிலிருந்து ஓய்வு பெற்றது. 2001ஆம் ஆண்டில் விற்கப்பட்டு, தேம்ஸ் நதிமுகத்திலே லீ-ஒன்-சீ என்னும் ஊரில், பாய்க்கப்பல் ஓட்டுவோரின் கழக மனையாயிற்று. ஊவ்ரி சேற்றில் முழந்தாளிட்டுக் கண்ணியைக் கழற்றிய ஷூபரிநெஸ் அங்கிருந்து சில மைல் தூரத்திலேயே உள்ளது. ஒருகாலத்தில் மரணம் மறைந்து கிடந்த அந்நீரிலே, பின்னர் மக்கள் விளையாட்டாகப் பாய்விரித்துச் சென்றனர். கண்ணி தேடும் கப்பலுக்கு இதனினும் சிறந்த நினைவுச்சின்னம் வேண்டுமோ?