விடிந்த பிறகு சுட்டார்கள்

1989 பொங்கலுக்கு எங்கள் காலனியில் முதன்முதலாக வீடியோ டெக் எடுத்தோம். திருவாடானையிலிருந்து மாட்டுவண்டியில் டெக்கும் கலர் டிவியும் வந்து இறங்கியபோது, சாமி புறப்பாடு மாதிரி பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தன. அதுவரை எங்களுக்குப் படம் என்றால் ஊருக்குள் இருந்த பொது டிவிதான். வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். உள்ளே போய் உட்கார முடியாது. யாரும் அடித்து விரட்டியதில்லை. விரட்ட வேண்டிய தேவை இல்லாமலே எங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு அஞ்சு ரூபாய் வசூல். எம்.ஜி.ஆர். படம் ஒன்று, ரஜினி படம் ஒன்று. மூன்றாவது கேசட் கடைக்காரர் சும்மா கொடுத்தது. "இங்கிலீஷ் பேய்ப்படம். ஒருத்தனும் எடுக்க மாட்டேங்கிறான், போட்டுப் பாருங்க" என்றார். முதல் இரண்டு படம் முடியும்போது விடிய இரண்டு மூன்று மணி நேரம்தான் இருந்தது. பாதிச் சனம் அங்கேயே தூங்கிவிட்டது. முழித்திருந்தது நாங்கள் நாலைந்து பையன்களும் அப்பத்தாவும். படம் கறுப்பு வெள்ளை. "கலரு போயிருச்சுடா" என்று ஒருத்தன் டிவி தலையில் தட்டினான்.

பாஷை புரியவில்லை. கதை புரிந்தது. செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடு இருப்பவர்களைத் தின்கிறார்கள். ஒத்தை வீட்டுக்குள் சில பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்து அவர்களைக் காப்பாற்றப் பார்க்கிறவன் ஒரு கறுப்பன். அவன் முகத்தைப் பார்த்ததுமே அப்பத்தா, "இவன் நம்ம ஆளுடா" என்றது. ராத்திரி முழுக்கப் போராடி எல்லாரும் சாக, அவன் ஒருத்தன் மட்டும் நிலவறைக்குள் பதுங்கிப் பிழைக்கிறான். விடிகிறது. போலீசும் துப்பாக்கி தூக்கிய ஊர்க்காரர்களும் பேய்களைச் சுட்டுக்கொண்டே வருகிறார்கள். சத்தம் கேட்டு ஜன்னலோரம் வந்து எட்டிப் பார்க்கிறான். பேய் என்று நினைத்து நெற்றியில் சுட்டுவிடுகிறார்கள். அவ்வளவுதான் படம்.

அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னது: "பேயிகிட்ட தப்பிச்ச புள்ள ஆளுககிட்டத் தப்பிக்க முடியலையேய்யா."

அந்தப் படத்தின் பெயர் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' என்பதும், எடுத்தவர் ஜார்ஜ் ரொமேரோ என்பதும், வெளிவந்த ஆண்டு 1968 என்பதும் மதுரையில் படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அப்பத்தா சொன்ன அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் இந்த வகைப் படங்களின் வரலாற்றை இங்கே பேச விரும்புகிறேன்.

சமூகம் குலைந்த பிறகு மனுசன் எப்படிப் பிழைப்பான் என்று கேட்கிற படங்கள் மேலைநாடுகளில் ஏராளம். அணுகுண்டு, கொள்ளைநோய், பெட்ரோல் தீர்ந்துபோவது என்று காரணங்கள் மாறும். பயம் ஒன்றுதான்: கரண்டு இருக்காது, குடிதண்ணீர் இருக்காது, போலீஸ் வராது, கோர்ட் இருக்காது, கும்பல் வந்தால் கேட்க நாதி இருக்காது. 1979இல் ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ நான்கு லட்சம் டாலரில் எடுத்த 'மேட் மேக்ஸ்' படத்தில் நாயகனே போலீஸ்காரன். சட்டம் சாவதுதான் அங்கே துயரம். இதைப் பார்த்து நடுங்குகிறவன் யார்? நேற்றுவரை கரண்டும் தண்ணீரும் போலீசும் தனக்காக இருந்தவன். எங்கள் காலனியில் தெருவிளக்கிலிருந்து கொக்கி போட்டுத்தான் அன்றைக்குப் படமே ஓட்டினோம். மழை பெய்தால் வயக்காட்டுக் கூலி, பெய்யாவிட்டால் கருவேலங்கரி மூட்டம். ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்பது, கும்பல் வரும் சத்தம் கேட்டால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்குள் இறங்குவது, இருக்கிறதை வைத்து அடுப்பெரிப்பது இவையெல்லாம் அந்தப் படங்களில் சாகசம். அப்பத்தாவுக்குத் தினசரி வேலை. அவர்கள் எதிர்காலம் என்று பயந்து எடுத்ததை நாம் கடந்தகாலமாகவும் நிகழ்காலமாகவும் வாழ்ந்திருக்கிறோம்.

ஆகவே நம் கேள்வி வேறு. ஒழுங்கு குலைந்தால் என்ன ஆகும் என்பதல்ல அது. குலைந்த ஒழுங்கு திரும்பி வரும்போது பிழைத்துக் கிடப்பவனுக்கு என்ன ஆகும்?

பெரிய முதலாளிகளின் கைக்கு வெளியே, கையில் இருந்த காசில் எடுத்த படங்கள் சிலதான் இந்தக் கேள்வியைத் தொட்டன. 1951இல் ஆர்ச் ஓபோலர் எடுத்த 'ஃபைவ்' ஒன்று. தன் சொந்த வீட்டையே களமாக்கி, சினிமாப் படிப்பு முடித்த இளைஞர்களை வைத்து எடுத்தார். அணு யுத்தத்துக்குப் பிறகு ஐந்தே பேர் மிச்சம். அதில் ஒருவன் கறுப்பன். அவனோடு சேர்ந்து வாழமாட்டேன் என்கிறான் ஒரு வெள்ளையன். கடைசியில் அவனைக் கொன்றும் விடுகிறான். கோட்டை கொத்தளம் எல்லாம் போன பிறகும் நிறவெறி போகவில்லை. அதற்குக் கட்டடம் வேண்டியதில்லை, ஆள் இருந்தால் போதும். சாதியும் அப்படித்தான்.

ரொமேரோ படத்தின் செலவு சுமார் 1,14,000 டாலர். ரத்தத்துக்குச் சாக்லேட் பாகைப் பயன்படுத்தினார்கள். நாயகனாக நடித்த ட்வேன் ஜோன்ஸ் நாடகக்காரர், ஆசிரியர். அந்தப் பாத்திரம் கறுப்பருக்கென்று எழுதப்பட்டதல்ல, நடிப்புத் தேர்வில் அவரே நன்றாகச் செய்தார் என்று ரொமேரோ சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் நான் இல்லாத அர்த்தத்தை ஏற்றுகிறேனா என்று தோழர்கள் கேட்கலாம். எழுதியவன் நினைத்தது ஒன்று, அந்த முகம் வந்து நின்றதும் படம் சொன்னது ஒன்று. அந்த ஆண்டு ஏப்ரல் 4இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். முடித்த படத்தைக் காரில் எடுத்துக்கொண்டு நியூயார்க் போகும் வழியில் ரேடியோவில் அந்தச் செய்தியைக் கேட்டதாக ரொமேரோ பின்னால் நினைவுகூர்ந்தார். முடிவை மாற்றி எடுத்தால் வாங்கிக்கொள்கிறோம் என்ற பெரிய கம்பெனியிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். மாற்றியிருந்தால் அவன் பிழைத்திருப்பான், உண்மை செத்திருக்கும். குறைந்த செலவின் அரசியல் இதுதான். பெரும்பணம் போட்டவனுக்குப் பொய்யான விடியல் தேவைப்படுகிறது.

பெயர் மாற்றும்போது காப்புரிமைக் குறிப்பை விநியோகஸ்தர்கள் விட்டுவிட்டதால் அமெரிக்காவில் அந்தப் படம் யாருக்கும் சொந்தமில்லாததாகிப் போனது. ரொமேரோவுக்கு அது நஷ்டம். ஆனால் யார் வேண்டுமானாலும் பிரதி போட முடிந்ததால்தான் அது உலகமெல்லாம் கேசட்டாகச் சுற்றியது. ஒருவேளை அப்படித்தான் திருவாடானைக்கும் வந்து சேர்ந்ததோ என்னவோ.

படம் வந்தது 1968 அக்டோபர். அதே ஆண்டு டிசம்பர் 25 இரவு கீழவெண்மணி. அங்கேயும் ஒரு வீடு, அடைத்த கதவு, சுற்றிலும் கும்பல். சுற்றி நின்றவர்கள் செத்துப்போய் எழுந்து வந்தவர்கள் அல்ல; நிலமும் துப்பாக்கியும் உள்ள உயிருள்ள மனுசர்கள். ராமையாவின் குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். பிறகு ஒழுங்கு திரும்பியது. விசாரணை நடந்தது, கீழ்க்கோர்ட்டில் தண்டனையும் கிடைத்தது. உயர்நீதிமன்றம் பண்ணையார்களை விடுதலை செய்தது. வெண்மணியில் மிஞ்சியவர்களுக்கு அதுதான் விடியல். 2005இல் பாரதி கிருஷ்ணகுமார் 'ராமையாவின் குடிசை' என்ற ஆவணப்படம் எடுத்தார். பிழைத்தவர்கள் அதில் தங்கள் வாயால் பேசுகிறார்கள். சமூகம் குலைந்த பிறகு பிழைத்தவர்களின் படம் எது என்று கேட்டால் நான் முதலில் அதைத்தான் சொல்வேன்.

இனி எங்கள் கரைக்கு வருகிறேன். 1964 டிசம்பர் 22 நள்ளிரவு தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலை அலை கொண்டுபோனது. அதில் மட்டும் நூறு பேருக்கு மேல் போனார்கள். ஸ்டேஷன், தபாலாபீஸ், சர்ச், துறைமுகம், குடிசை எல்லாம் ஒரே இரவில். அந்தப் புயலைப் பற்றி வெகுகாலம் சனங்கள் பேசிக்கொண்ட கதை, ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ராமேசுவரத்தில் மாட்டிக்கொண்ட கதைதான். சினிமா அங்கேயும் நட்சத்திரத்தைத்தான் நினைவில் வைத்தது. மூட்டை தூக்கியவன் பெயர் எந்தக் கதையிலும் இல்லை.

பாம்பன் பாலத்தின் கர்டர்கள் கடலுக்குள் போயிருந்தன. இ. ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினியர் தலைமையில் 46 நாளில் பாலத்தைத் திரும்ப நிறுத்தினார்கள். பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் தனுஷ்கோடி? மனுசர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. தகுதியற்ற அந்த மணலில்தான் மீனவக் குடும்பங்கள் திரும்பப் போய்க் குடிசை போட்டன. பெண்கள் மணலைக் கையால் தோண்டி ஊற்றுத் தண்ணீர் மொண்டார்கள். அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை வர 2017 ஆயிற்று. வந்ததும் சுற்றுலாக் கார்கள்தான் முதலில் வந்தன. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதுப் பாலமே திறந்தாகிவிட்டது. அழிவு எல்லாருக்கும் பொது. மீட்பு பொது அல்ல.

2004 சுனாமியில் இதைத் தமிழகமே பார்த்தது. நாகப்பட்டினம் கரையில் பிணங்களை எடுக்கப் பல ஊர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்கள் என்ன சாதி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல இடங்களில் நிவாரண முகாமிலும் தண்ணீர்க் குடத்திலும் தலித்துகள் தள்ளி வைக்கப்பட்டார்கள். ரொமேரோ படத்தின் முடிவில் அசையாத படங்கள் சில வரும்: சுடப்பட்டவனின் உடலைக் கொக்கியால் இழுத்துப் போய் விறகில் போடுகிறார்கள். அன்றைக்கு டிவியில் பார்த்தபோது அதைத் தாண்டிப் போய்விட்டேன். சுனாமிப் புகைப்படங்களைப் பார்த்தபோதுதான் திரும்ப ஞாபகம் வந்தது.

1983க்குப் பிறகு எங்கள் கரை வேறொரு அழிவின் கரையும் ஆனது. உலகம் முடிந்துபோனவர்கள் ஈழத்திலிருந்து படகில் வந்து மணல்திட்டில் இறங்கினார்கள். 2022 பொருளாதாரச் சரிவில்கூட வந்தார்கள். கரையேறியதும் பிழைத்துவிட்டோம் என்று பெருமூச்சு விட முடியாது. விசாரணை, மண்டபம் முகாம், அடையாள அட்டை, ஆள் எண்ணிக்கை. இந்த வாழ்க்கையைத்தான் லீனா மணிமேகலை 'செங்கடல்' படத்தில் எடுத்தார். தனுஷ்கோடியிலேயே, குறைந்த செலவில், மீனவர்களையும் அகதிகளையும் நடிக்க வைத்து. எழுத்தில் பங்கெடுத்து நடித்தவர் ஷோபாசக்தி. கடலுக்குப் போனால் சுடப்படுகிற மீனவன் ஒருவன். ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு அலைகிற, புத்தி பேதலித்த அகதி ஒருவன். கற்பனையான எதிர்காலம் எதுவும் தேவைப்படவில்லை.

படத்துக்கு என்ன ஆயிற்று? இந்திய, இலங்கை அரசுகளை இழிவுபடுத்துகிறது, கெட்ட வார்த்தை இருக்கிறது என்று தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய் 2011இல் வெட்டில்லாமல் மீட்டார்கள். 2021இல் அந்தத் தீர்ப்பாயத்தையே கலைத்துவிட்டார்கள். இனி உயர்நீதிமன்றம்தான். கையில் காசில்லாமல் படம் எடுக்கிறவன் வக்கீலுக்கு எங்கே போவான்? பிழைத்தவன் வெளியே எட்டிப் பார்க்கிறான். ஒழுங்கு நெற்றியைக் குறி பார்க்கிறது. படத்துக்குள் மட்டுமல்ல, படத்துக்கும் அதே கதி.

அதே 2011, இதே மாவட்டம். 1957 செப்டம்பர் 10இல் சமாதானக் கூட்டம் போட்டு, மறுநாள் இரவு பரமக்குடியில் இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். 54 வருஷம் கழித்து அதே செப்டம்பர் 11, அதே பரமக்குடியில், அவருடைய நினைவுநாளுக்கு வந்த சனங்கள்மேல் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் கலவரக்காரர்கள் என்று எழுதப்பட்டார்கள். பேய் என்று நினைத்துச் சுட்டோம் என்பதற்கு நம் ஊர்ப் பாஷை அது.

அப்பத்தா இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. 1957 கலவரத்தில் கைக்குழந்தையோடு மூன்று ராத்திரி கருவேலங்காட்டுக்குள் கிடந்ததை அது அரைகுறையாகச் சொல்லியிருக்கிறது. நாலாம் நாள் வெளியே வந்தபோது என்ன நடந்தது என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. காட்டுக்குள் இருந்ததுதான் கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்குக் காலனிப் பையன்கள் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. படம் எடுக்கிறார்கள், வெட்டி ஒட்டுகிறார்கள், பாட்டுப் போடுகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இதுதான். வீட்டில் மிச்சமிருக்கிற கிழவிகளிடம் போய் உட்காருங்கள். எப்படி ஓடினீர்கள், எங்கே ஒளிந்தீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். விடிந்த பிறகு என்ன நடந்தது, முதலில் வந்தது யார், என்ன கேட்டார்கள், உங்களை என்னவென்று எழுதிக்கொண்டு போனார்கள் என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அது.