நீச்சல் பயிற்சியில் ‘ஹிட்’: களைப்பு ஏன் வருது? எவ்வளவு ஓய்வு தேவை? முழு விளக்கம்

காலையில் நீச்சல் குளத்திலிருந்து வரும் பிள்ளையிடம் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, ‘இன்னைக்கு எத்தனை லேப் போனே?’ என்பதுதான். ஆனால், போட்டிக்குத் தயாராகும் ஒருவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று இருக்கு. ‘நடுவுல எவ்வளவு நேரம் ஓய்வு எடுத்தே?’

முழு வேகத்துக்கு நெருக்கமாக நீந்துவது, சில விநாடிகள் சுவரைப் பிடித்து நிற்பது, மறுபடியும் அதே வேகத்தில் பாய்வது. இதுதான் ஹை இன்டென்சிட்டி இன்டர்வெல் டிரெய்னிங். சுருக்கமாக ‘ஹிட்’. குறைந்த நேரத்தில் நல்ல பலன் தரும் பயிற்சி இது. ஆனால் ஓய்வில் கணக்கு தவறினால், இதே பயிற்சி வேகத்தைக் குறைத்து, தோள்பட்டையையும் பதம் பார்த்துவிடும்.

களைப்பு எப்படி வருது, உடல் எப்போது பழைய நிலைக்குத் திரும்புது, பெற்றோர் எதைக் கவனிக்கணும்? பார்க்கலாம்.

அதிக தூரம் நீந்தினால் அதிக வேகம் வருமா?

நீச்சலில் இடைவெளிப் பயிற்சியைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கவுன்சில்மேன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 7 தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸ், கல்லூரி நாட்களில் அவரிடம் பயிற்சி பெற்றவர்தான்.

ஆனாலும் ‘கிலோமீட்டர் கூடினால் வேகம் கூடும்’ என்ற நம்பிக்கை பல ஆண்டுகள் நீடித்தது. அதை டேவிட் காஸ்டில் தலைமையிலான குழு சோதித்துப் பார்த்தது. 1991-ல் வெளியான அந்த ஆய்வில், ஒரு பிரிவினர் தினமும் ஒன்றரை மணி நேரம் ஒரு வேளை மட்டும் நீந்தினார்கள். இன்னொரு பிரிவினர் 6 வாரங்களுக்கு இரண்டு வேளை, அதாவது மூன்று மணி நேரம் நீந்தினார்கள். இரட்டிப்பு நேரம் நீந்தியவர்களுக்குக் கூடுதல் முன்னேற்றம் எதுவும் கிடைக்கவில்லை. அந்த 6 வாரங்களில் அவர்களின் குறுகிய தூர வேகம் குறையவும் செய்தது.

காரணம் எளிது. ஒலிம்பிக்கின் தனிநபர் நீச்சல் போட்டிகளில் பெரும்பாலானவை 200 மீட்டருக்குள்தான். முன்னணி வீரர்கள் அதை இரண்டரை நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள். மணிக்கணக்கில் மெதுவாக நீந்தும் உடலுக்கு, அந்த வேகம் பழக்கமாவதில்லை.

களைப்பு எங்கிருந்து வருது?

களைப்பு ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கு.

• உடனடி எரிபொருள் தீர்வது: தசையில் இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட், முழு வேகத்தில் சுமார் 10 விநாடிகளுக்குள் பெரும்பகுதி செலவாகிவிடும்.

• தசைக்குள் ரசாயன மாற்றம்: அடுத்த கட்டத்தில் சர்க்கரை வேகமாக உடைகிறது. தசையில் அமிலத்தன்மை கூடுகிறது, பாஸ்பேட் சேர்கிறது. கை கனத்துப்போவது இதனால்தான்.

• கிளைகோஜன் குறைவது: தசையில் சேமித்து வைத்த மாவுச்சத்து இது. நாள்தோறும் கடும் பயிற்சி செய்து, சரியாகச் சாப்பிடாதவர்களுக்கு இது படிப்படியாகக் கரையும்.

• மூச்சு: ஓடுபவர் நினைத்தபோது மூச்சு விடலாம். நீந்துபவர் கை வீச்சுக்கு ஏற்பத்தான் மூச்சு எடுக்க முடியும். மார்பைச் சுற்றி நீரின் அழுத்தமும் இருப்பதால், சுவாசத் தசைகளும் களைத்துப்போகின்றன.

‘லாக்டிக் ஆசிட் தேங்கிடுச்சு’ என்பது உண்மையா?

அடுத்த நாள் உடல் வலித்தால் பலரும் சொல்லும் காரணம் இது. ஆனால் கடும் பயிற்சியில் ரத்தத்தில் ஏறும் லாக்டேட், சும்மா உட்கார்ந்திருந்தாலே சுமார் ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். மெதுவாக நீந்தினால் இன்னும் சீக்கிரம் இறங்கும். இதயமும் தசைகளும் அதை எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்ளும். மறுநாள் வலிக்குக் காரணம், பழக்கமில்லாத உழைப்பால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதம்.

இதில் நீச்சலுக்கு ஒரு சிக்கல் இருக்கு. ஓட்டத்தைப் போலத் தரையில் மோதும் அதிர்ச்சி இல்லாததால், நீந்துபவருக்குத் தசை வலி குறைவு. ‘வலிக்கலையே, நாளைக்கும் இதே செட் போடலாம்’ என்று தோன்றும். ஆனால் எரிபொருள் காலியாக இருக்கலாம். வலி இல்லை என்பதாலேயே உடல் தயார் என்று அர்த்தம் இல்லை.

சுவரில் எத்தனை விநாடி நிற்கணும்?

எதற்காகப் பயிற்சி செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. கிரியேட்டின் பாஸ்பேட்டில் ஏறக்குறைய பாதி, அரை நிமிடத்தில் திரும்பிவிடும். முழுமையாகத் திரும்ப 3 முதல் 5 நிமிடம் ஆகும்.

• உச்ச வேகம் வேண்டும் என்றால்: 15 அல்லது 25 மீட்டர் பாய்ச்சல், பிறகு சில நிமிட ஓய்வு. ஓய்வைக் குறைத்தால் அது வேகப் பயிற்சியாக இருக்காது.

• போட்டி வேகத்தைத் தாங்க வேண்டும் என்றால்: 25 அல்லது 50 மீட்டர், நடுவில் 15 முதல் 20 விநாடி ஓய்வு. அமெரிக்காவின் பிரென்ட் ரஷால் முன்வைத்த முறை இதுதான். இலக்கு நேரத்தைத் தொட முடியலைன்னா ஒரு சுற்றை விட்டுவிட்டு ஓய்வு எடுக்கணும். தொடர்ந்து இரண்டு முறை தவறினால் செட்டை அங்கேயே நிறுத்திடணும். களைத்த உடலோடு மெதுவாக நீந்தினால், மெதுவாக நீந்தத்தான் பழகும் என்பதே இதன் அடிப்படை.

அந்தக் குறுகிய இடைவெளியில் சும்மா நிற்பதே நல்லது. மெதுவாக நீந்துவது செட் முழுவதும் முடிந்த பிறகுதான். பெரிய போட்டிகளில் பந்தயம் முடிந்ததும் வீரர்கள் பக்கத்துக் குளத்தில் நிதானமாக நீந்துவதும் இதற்காகத்தான்.

அடுத்த கடும் பயிற்சி எப்போ?

கிளைகோஜன் முழுமையாக நிரம்ப, நன்றாகச் சாப்பிட்டாலும் சுமார் 24 மணி நேரம் ஆகும். காஸ்டில் குழுவின் 1988 ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். 12 வீரர்களின் தினசரி தூரம் 10 நாட்களுக்குச் சுமார் 4,000 மீட்டரிலிருந்து 9,000 மீட்டராக உயர்த்தப்பட்டது. அவர்களில் 4 பேரால் மட்டும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பரிசோதித்தபோது அவர்களின் தசையில் கிளைகோஜன் குறைந்திருந்தது. மற்றவர்களைவிட அவர்கள் மாவுச்சத்தும் குறைவாகவே சாப்பிட்டிருந்தார்கள்.

எனவே இரண்டு கடும் பயிற்சிகளுக்கு நடுவில் ஒரு நாளாவது இலகுவான நீச்சல் இருப்பது நல்லது. பயிற்சி முடிந்ததும் வாழைப்பழம், பிறகு இட்லியோ சோறோ, கூடவே முட்டை, பருப்பு அல்லது பால். தண்ணீரில் இருந்தாலும் வியர்க்கும், தெரியாது அவ்வளவுதான். அதனால் குடிநீர் பாட்டிலும் குளக்கரையில் இருக்கணும்.

13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. காலை 4:30-க்கு எழுப்ப வேண்டும் என்றால் இரவு 8:30-க்குள் தூங்கியாக வேண்டும். டியூஷன் முடிந்து 11 மணிக்குப் படுக்கும் பிள்ளைக்கு, எந்தப் பயிற்சித் திட்டமும் கைகொடுக்காது.

போட்டிக்கு முன்பு என்ன செய்யணும்?

‘டேப்பர்’ என்பார்கள். போட்டிக்கு முந்தைய சுமார் 2 வாரங்களில் தூரத்தை 40 முதல் 60 சதவீதம் வரை குறைப்பது, ஆனால் வேகத்தைக் குறைக்காமல் இருப்பது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் நல்ல பலன் தந்தது இந்த முறைதான். கடைசி வாரத்தில் பயந்துபோய்க் கூடுதலாக நீந்துவதால் களைப்புதான் மிஞ்சும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

• அதே வேகத்துக்கு, ஒரு லேப்புக்கான கை வீச்சு எண்ணிக்கை கூடிக்கொண்டே போவது

• காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட அதிகமாக இருப்பது

• எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, அடிக்கடி சளி

• தோள்பட்டை வலி, அதிலும் இரவில் வலி

• நன்றாக ஓய்வெடுத்தும் நேரம் மோசமாவது

இவை ஓரிரு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் பயிற்சியைக் குறைத்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு நாள் முழு ஓய்வு தரச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர்கள் அமைப்பு.

மூச்சை அடக்கிப் போட்டி வேண்டாம்

‘மூச்சு விடாம ரெண்டு லேப் போ பார்க்கலாம்’ என்பது பல குளங்களில் விளையாட்டு. களைத்த நிலையில், வேகமாகப் பலமுறை மூச்சு இழுத்துவிட்டு நீருக்குள் போனால், கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூச்சு விட வேண்டும் என்ற உணர்வே வராது. அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, எச்சரிக்கையே இல்லாமல் மயக்கம் வரும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி உயிரிழந்திருக்கிறார்கள். தனியாக இதை ஒருபோதும் செய்யக் கூடாது.

சுருக்கமாகச் சொன்னால்...

உடல் பலமாவது நீந்தும்போது இல்லை, நீந்தி முடித்து ஓய்வெடுக்கும்போதுதான். சுவரில் நிற்கும் 20 விநாடி, இலகுவான ஒரு நாள், போட்டிக்கு முந்தைய 2 வாரம், இந்த மூன்றும் பயிற்சிக் கணக்கில் சேர்ந்தவைதான். ஆகவே அடுத்த முறை பிள்ளை குளத்திலிருந்து வந்ததும், எத்தனை லேப் என்பதோடு, ‘நல்லா தூங்கினியா, சாப்பிட்டியா?’ என்றும் கேளுங்கள்.