உடைத்தெறிந்த தகடுகள்

வெடல் கடலின் உறைபனியில் சிக்கிய 'எண்டூரன்ஸ்' கப்பலின் நிழற்படங்களை நாம் வியந்து பார்த்திருக்கிறோம். 1915 ஆகஸ்டில், துருவ இருளில், ஏறத்தாழ 20 ஒளிப்பொடி வெடிப்புகளால் கப்பலை வெளிச்சமாக்கிப் படமெடுத்தவர் ஆஸ்திரேலியரான ஃபிராங்க் ஹர்லி. அவ்வாண்டின் இறுதிக்குள் பனி கப்பலை நொறுக்கியது. மேலாடை களைந்து, பனிக்கூழ் நீருக்குள் இறங்கி, கண்ணாடித் தகடுகளை ஹர்லி மீட்டார்.

ஆனால் படகுகள் அவ்வளவு எடை தாங்கா. ஷாக்கில்டனும் அவரும் பனிமேல் அமர்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, ஏறத்தாழ 120 தகடுகளைத் தேர்ந்தனர். எஞ்சிய 400ஐ, பின்னர் மனம் மாறிவிடக் கூடாதென்று, அங்கேயே உடைத்தனர். மீட்ட கையே உடைத்தது! நாம் இன்று காணும் அப்பயணம் அந்த இருவர் தேர்ந்தெடுத்த பயணமே. பெரிய கேமராக்களும் கைவிடப்பட்டன. 1916 ஆகஸ்ட் 30 அன்று எலிஃபன்ட் தீவிலிருந்து மீட்கப்படும்வரை ஹர்லியிடம் இருந்தவை ஒரு சிறிய கோடக்கும் மூன்று படச்சுருள்களும்.