கிளுவை வேலிகளின் நாட்டில் ஓர் ஆடிப் பயணம்

ஆடி மாதத்தில் நெடும்பயணம் புறப்படுவதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் விரும்புவதில்லை. அது காற்று மாதம் என்பார்கள். அந்தச் சொல்லை மீறி, ஒரு விடுமுறை நாளின் காலையில் நண்பர்கள் மூவர் உடுமலைப்பேட்டையிலிருந்து தாராபுரம் வழியாகக் காங்கேயத்துக்குக் காரில் கிளம்பினோம். முல்லைத்திணையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். முல்லை நிலமாகவே இன்றும் இருக்கும் ஒரு நிலப்பகுதியை நின்று பார்த்ததில்லை என்ற வெட்கமே காரணம்.

பாலக்காட்டருகே மேற்குத் தொடர்ச்சி மலை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மழையில் பெரும்பங்கை மலைக்கு அப்பால் கொட்டிவிட்டு, அந்த வாயில் வழியாக வேகத்தையும் கொஞ்சம் சாரலையும் நமக்கு அனுப்புகிறது. 1990களிலிருந்து உடுமலை, தாராபுரம் வட்டாரங்களில் காற்றாலைகள் பெருகியது இந்தக் காற்றை நம்பித்தான். அன்று அது காரைப் பக்கவாட்டில் தள்ளியது. வழியில், வீட்டுமனைகளாகக் கல் நட்டிருந்த ஒரு வெட்டவெளியைக் கடக்கையில் செம்மண் எழுந்து கண்ணாடியை மூடியது. அதன்மேல் சாரல் விழ, முன்னால் சேற்றுப்படலம் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

தாராபுரத்தில் வடக்கே திரும்பியதும் நிலத்தின் முகம் மாறியது. கல்லும் சரளையும் மண்டிய மேட்டுநிலம்; இருபுறமும் முள்கிளுவை வேலிகள்; உள்ளே கொழுக்கட்டைப்புல்; இடையிடையே குடைபோல் விரிந்த வெள்வேல மரங்கள். இதைத்தான் கொங்கு மக்கள் கொறங்காடு என்கிறார்கள். இது பொது மேய்ச்சல் நிலமன்று. உழவர்களின் சொந்த நிலம். உழுது விதைப்பதற்குப் பதிலாகப் புல்லுக்கென்றே விட்டு, வேலியால் பல துண்டங்களாகப் பிரித்து, ஒன்றில் புல் குறைந்ததும் கால்நடைகளை அடுத்ததற்கு மாற்றுகிறார்கள். வேலி உறுதியாக இருப்பதால் மேய்ப்பவர் தேவையில்லை. கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் செம்மறிகளுக்குத் தீனியாகிறது. செவலையாகப் பிறந்து சில மாதங்களில் நிறம் மாறும் காங்கேயம் கன்றுகள் வளர்வது இந்தக் காடுகளில்தான்.

திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800இல், வெல்லெஸ்லியின் ஆணைப்படி சென்னையிலிருந்து புறப்பட்ட பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் அவ்வாண்டின் இறுதியில் கொங்கு நாட்டைக் கடந்தார். தாவரவியல் அறிந்தவராதலால் முள்கிளுவை வேலிகளும் அவர் பார்வைக்குத் தப்பவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் ரோமானியப் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோரின் வெள்ளிக் காசுகள் கிடைத்த செய்தியையும் பதிவு செய்தார். அவருடைய பயணநூல் 1807இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

வரலாற்று ஆர்வலர்களின் கண் பெரும்பாலும் அந்தக் காசுகளிலேயே நின்றுவிடுகிறது. படியூரின் பச்சைக்கல், நொய்யல் கரைக் கொடுமணலின் மணிகள், ரோமாபுரி வணிகம் என்று நாமும் பெருமையோடு எழுதுகிறோம், தவறில்லை. ஆனால் சங்கப் பாடல்கள் கொங்கரை ஆநிரையோடும் கிணற்றோடும் சேர்த்தே அறிமுகப்படுத்துகின்றன என்பதை அந்தப் பெருமையில் மறந்துவிடுகிறோம். கல்லுக்கு வந்த வணிகர் போய்விட்டனர். மாட்டை நம்பிய வாழ்க்கை மட்டும் நேற்றுவரை தொடர்ந்தது.

ஊதியூர் மலை கண்ணுக்குத் தெரிந்த சிறிது நேரத்தில் சாரல் மழையாக வலுத்தது. வண்டியை ஓரம்கட்டியபோது சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. தம் கொறங்காட்டின் படலைச் சாத்த வந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து, "ஏனுங், இந்தக் காத்துல எங்கீங்க பொறப்பட்டீங்க?" என்றார். காடு பார்க்க வந்தோம் என்றதும் சிரித்தார். அவருடைய மாட்டுச் சாளையில் ஒதுங்கினோம்.

மழை இல்லாத ஆண்டில் இந்த வெறுங்காட்டை வைத்து என்ன செய்வீர்கள் என்று எங்களில் ஒருவர் கேட்டார். "வெறுங்காடுன்னு ஒண்ணு கெடையாதுங்க. மழை பேஞ்சாப் புல்லு, பேயாட்டி வேலங்காயி" என்றார் பெரியவர். பிறகு பக்கத்து நிலத்தைக் காட்டினார். வேலி பிடுங்கப்பட்டு மண் திறந்து கிடந்தது. "அந்த வேலிய நட்டு உசுராக்க அவங்கப்பாருக்கு வருசக்கணக்காச்சுங்க. பொக்லைனுக்கு ஒரு மத்தியானம் பத்துச்சு."

நாங்கள் பேசவில்லை. வெறுங்காடு என்ற சொல்லை அவருக்கு முன் உச்சரித்தது எங்களுக்கே கூச்சமாக இருந்தது.

அமெரிக்கப் பெருஞ்சமவெளியின் கதை நினைவுக்கு வந்தது. அங்கே கோதுமைக்காகப் புல்வெளியைப் பரப்பு பரப்பாக உழுது போட்டார்கள். 1930களில் வறட்சியும் காற்றும் சேர்ந்து வந்தபோது பிடித்துக்கொள்ள வேர் இல்லாத மண் வானில் எழுந்தது. லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு வெளியேறினர். அங்கு வறட்சியோடு வந்த அந்தப் பெருங்காற்று நமக்கு ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. கொறங்காட்டின் புல்லும் வேலியும் கால்நடைக்கு உணவிடும் ஏற்பாடு மட்டுமன்று. மண்ணைப் பிடித்து வைக்கும் ஏற்பாடும் ஆகும். பராமரிப்பவருக்கு அதற்கென்று கூலி இல்லை. மனைக்கு நல்ல விலை கிடைக்கும்போது விற்பவரைக் குறைசொல்ல மாதச் சம்பளக்காரர்களான நமக்கு என்ன உரிமை? குறைந்தபட்சம், அந்நிலத்தைத் தரிசு என்று எழுதாமலாவது இருக்கலாம்.

மழை ஓய்ந்ததும் பெரியவரும் அவர் மகனும் வண்டியைத் தள்ளிவிட்டார்கள். காங்கேயம் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தேநீர்க் கடை வாசலில் கண்ணாடியைத் துடைத்தபோது துணி சிவப்பாயிற்று. எந்த இடத்து மண் அது என்று மூவருக்கும் தெரிந்திருந்தது. தாராபுரத்துக்கு வடக்கே கொறங்காடுகளுக்கு நடுவில் வந்த வழியெல்லாம் அதே காற்றுதான் அடித்தது. வேலிக்குள் புல் நின்ற இடத்திலிருந்து தூசி எழவில்லை.