கூனும் படுக்கையும்: முதுகெலும்பு முறிவின் வரலாறு

முதுமையில் முதுகு வளைவதைத் தமிழில் 'கூன் விழுதல்' என்பர். நரையும் திரையும் போல அதுவும் வயதின் இயல்பே என்னும் எண்ணம் அவ்வழக்கில் உறைந்திருக்கிறது. ஆனால் அவ்வளைவுக்குப் பின்னால் பல வேளைகளில் அமுங்கி முறிந்த முள்ளெலும்பு இருக்கிறது. அதற்குப் பெரிய விழுகை தேவையில்லை. குனிந்து குடத்தைத் தூக்குவதோ கடும் இருமலோகூடப் போதும்.

'ஆஸ்டியோபோரோசிஸ்' என்னும் சொல்லை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவாக்கியவர் ஸ்திராஸ்பூர்க் நகரின் ழான் லோப்ஸ்டைன். புரையோடிய எலும்பு என்பது அதன் பொருள். எனினும் மாதவிடாய் நின்ற பெண்களின் முள்ளெலும்பு முறிவை ஈஸ்ட்ரோஜன் குறைவோடு தொடர்புபடுத்தி பாஸ்டன் மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் எழுதியது 1941இல்தான். விதியெனக் கருதப்பட்டது அப்போதுதான் நோயாயிற்று.

நோய் என்று அறிந்த பின்னும் அக்காலத்து மருத்துவம் பெரிதும் நம்பியது படுக்கையைத்தான். முறிந்த எலும்புக்கு அசைவின்மையே மருந்து என்பது பழைய நம்பிக்கை. 1947இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர், நீண்ட படுக்கை ஓய்வு உடலின் ஒவ்வோர் உறுப்பையும் எவ்வாறு சிதைக்கிறது என்று எழுதினார். மறு ஆண்டு நியூயார்க்கில் வெளியான ஆய்வொன்றில், நலமுள்ள நான்கு இளைஞர்கள் ஆறேழு வாரங்கள் மாவுக்கட்டில் அசையாது கிடந்தனர். அவர்கள் உடலிலிருந்து கால்சியம் மிகுதியாக வெளியேறியது. இளைஞர்க்கே இந்நிலை எனில், முன்பே புரையோடிய எலும்புடைய முதியோர்க்குப் படுக்கை அடுத்த முறிவுக்கு வழிகோலும் என்பது விளங்கும்.

ஆனால் எல்லா அசைவும் நன்மை தருவதன்று. 1984இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ மையத்தைச் சேர்ந்த மெஹர்ஷீத் சினாகி, 59 பெண்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார். முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தோரில் 16 விழுக்காட்டினர்க்கே மேலும் முறிவு ஏற்பட்டது. முன்குனியும் பயிற்சி செய்தோரில் அது 89 விழுக்காடு. சிறிய ஆய்வுதான், எனினும் முதுகுத் தசையே முள்ளெலும்பின் காவல் என்னும் கருத்துக்கு அது வலுவூட்டியது.

அதே 1984இல் பிரான்சின் அமியான் நகரில், நோயுற்ற முள்ளெலும்புக்குள் சிமென்ட் செலுத்தும் முறை தொடங்கியது. உலகெங்கும் பரவிய அம்முறை, எலும்புப்புரை முறிவுகளில் போலிச் சிகிச்சையைவிட வலியைக் கூடுதலாகக் குறைக்கவில்லை என 2009இல் இரண்டு ஆய்வுகள் காட்டின. விவாதம் இன்னும் ஓயவில்லை. பெரும்பாலோர்க்குக் கடும் வலி சில வாரங்களில் தானே தணிந்துவிடுகிறது என்பதும் அவ்விவாதத்தின் ஒரு பகுதி.

ஒரு முள்ளெலும்பு முறிந்த பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்க்கு ஓராண்டுக்குள் மற்றொன்றும் முறிகிறது என்று 2001இல் கண்டறியப்பட்டது. ஆகவே வலி தணிவதோடு சிகிச்சை முடிவதில்லை; எலும்பை வலுப்படுத்தும் மருந்து, நிமிர்ந்த நடை, தடுக்கி விழாத வீடு ஆகியவை அதன்பின் தொடர வேண்டியவை. இன்றும் பல இல்லங்களில் 'அசையாமல் படுங்கள்' என்று முதியோரிடம் அன்போடு சொல்லப்படுகிறது. மருத்துவம் மெல்லக் கைவிட்ட பழைய மருந்து அது.