குடை மாறிய கல்லூரிகள்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் வரலாறு என்றதும் நம்மவர்க்கு நினைவில் எழுவன 1953ஆம் ஆண்டின் மாநிலப் பிரிவினையும், 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்த செய்தியுமே. வடக்கெல்லைப் போராட்டத்தைப் பற்றியும் படாஸ்கர் தீர்ப்பைப் பற்றியும் எழுதியோர் பலர். அதே காலத்தில் இவ்வட்டாரக் கல்லூரிகளும் ஒரு பல்கலைக் கழகத்தினின்று மற்றொன்றுக்கு மாறின. அம்மாற்றம் வகுப்பறையோடு நில்லாது விளையாட்டுத் திடல் வரை சென்றது. இதனை எழுதியோர் அரியர். நம் காலனிப் பிள்ளைகளிற் பலர் மாலையானால் பந்தும் கையுமாகத் திரிபவர்கள். சிலர் கல்லூரியிற் சேரும் பருவத்தினர். ஆதலின் இக்கதையை நம் சங்கத்தின் ஆண்டு மலரிற் சொல்லத் துணிந்தேன்.

முதற்கண் முறையை விளக்குதல் வேண்டும். ஒரு கல்லூரியின் கால்பந்துக் குழு தான் விரும்பியவரோடு பட்டத்துக்கு ஆடுவது நம் நாட்டு வழக்கமன்று. கல்லூரி எந்தப் பல்கலைக் கழகத்தோடு இணைந்துள்ளதோ, அதனைச் சேர்ந்த பிற கல்லூரிகளோடுதான் ஆட வேண்டும். அவ்வாட்டங்களில் விளங்கியோரைப் பொறுக்கியெடுத்துப் பல்கலைக் கழகம் தனக்கொரு குழு அமைக்கும். அக்குழு தென்மண்டலத்தில் மற்றப் பல்கலைக் கழகங்களை எதிர்த்து ஆடும். அங்கே தேறினால் அகில இந்தியப் போட்டி. கால்பந்தில் அதற்குரிய வெற்றிக் கேடயம் சர் அசுதோஷ் முகர்ஜியின் பெயரால் விளங்குவது. நம் ரயில்வேயில் விளையாட்டு வீரர்க்குரிய இடங்களுக்கு விண்ணப்பிப்போரிடம் பல்கலைக் கழகங்களிடைப் போட்டியிற் பெற்ற இடத்தையும் கேட்பார்கள். ஆகவே கல்லூரி எக்குடையின் கீழ் நிற்கிறது என்பது, பந்தாடும் பையனுக்குச் சோற்றுக் கேள்வியும் ஆகும்.

அமெரிக்காவில் இக்கேள்வி வேறு உருவில் இப்போது பெரும் பரபரப்பாயிருக்கிறது. அங்கே கால்பந்து எனப்படுவது பெரும்பாலும் கையால் ஆடும் ஆட்டம். பெயர்ப் பொருத்தத்தை அந்நாட்டாரே விளக்கட்டும். அங்குள்ள கல்லூரிகள் கூட்டணி கூட்டணியாகச் சேர்ந்து ஆடுகின்றன; 1973 முதல் அவை மூன்று வகுப்புகளாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. தொலைக்காட்சிப் பணத்தின் பொருட்டுப் பெரிய கல்லூரிகள் கூட்டணி தாவ, பசிபிக் கடற்கரையின் பழம்பெருங் கூட்டணி 2024இல் இரண்டே உறுப்பினரோடு எஞ்சியது. லாஸ் ஏஞ்சல்ஸ் மாணவர் நாட்டின் மறுகோடியிலுள்ள நியூ ஜெர்சி வரை ஆடச் செல்லும் நிலை வந்தது. சிறு கல்லூரிகளின் பாடுதான் திண்டாட்டம். மேல் வகுப்புக்கு ஏறினால் செலவு மிகும், பெயர் வரும். ஆனால் ஏறியபின் சில ஆண்டுகள் இறுதிப் போட்டிகளில் ஆட உரிமையில்லை. ஐடஹோ பல்கலைக் கழகம் 2018இல் தன் கால்பந்துக் குழுவைத் தானாகவே ஒரு படி இறக்கிக்கொண்டது.

அங்கே கல்லூரி தானே தீர்மானிக்கிறது. நம் வட்டாரத்திலோ பெரும்பாலும் சட்டசபை தீர்மானித்தது. ஒரேயொரு கல்லூரி மட்டும் தன் வழியே நடந்து பார்த்தது. அது மதனப்பள்ளிக் கல்லூரி.

அன்னி பெசன்ட் அம்மையார் 1915இல் தோற்றுவித்த அக்கல்லூரி தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக் கழகத்தோடு இணைந்திருந்தது. 1917 ஜூன் மாதத்தில் ஹோம்ரூல் கிளர்ச்சியின் காரணமாக அம்மையாரை அரசாங்கம் உதகையிற் காவலில் வைத்தது. அக்கிளர்ச்சியில் மதனப்பள்ளி மாணவரும் கலந்துகொண்டனர். சென்னையோடிருந்த இணைப்பு அற்றது. அம்மையார் தளர்ந்தாரில்லை, அடையாற்றில் தேசியப் பல்கலைக் கழகம் ஒன்று எழுந்தது. கவி இரவீந்திரநாத தாகூர் அதன் வேந்தர். மதனப்பள்ளி அதன் அங்கம். அத்தாகூர்தாம் 1919 பிப்ரவரியில் மதனப்பள்ளிக்கு வந்து, ஜேம்ஸ் கசின்ஸ் தலைமையிலிருந்த அக்கல்லூரியில் தங்கி, இன்று நம் நாட்டுப் பண்ணாக விளங்கும் பாடலை ஆங்கிலத்தில் ஆக்கித் தந்தார்; மார்கரெட் கசின்ஸ் அம்மையார் அதன் இசையைக் குறித்துவைத்தார். இவ்வளவு சிறப்பும் ஒருபுறம் இருக்க, அரசாங்கம் ஒப்பாத பட்டத்தை வைத்துக்கொண்டு மாணவன் உத்தியோகத்துக்கு எங்கே போவான்? கல்லூரி பின்னர்ச் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கே திரும்பிற்று. தன் விருப்பத்தால் வேறு கூட்டம் தேடிய சிறு கல்லூரி எத்துணை விலை கொடுக்க வேண்டும் என்பதை இவ்வட்டாரம் அன்றே கண்டது.

அடுத்து 1926இல் ஆந்திரப் பல்கலைக் கழகம் பிறந்தது. அதன் முதல் துணைவேந்தர் கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டியார், சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சியிற் பிறந்தவர். அவர்க்குப்பின் 1931இல் அப்பதவிக்கு வந்தவர் டாக்டர் இராதாகிருஷ்ணன். திருத்தணியிற் பிறந்து, திருப்பதியிலும் வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும் பயின்றவர். இருவரும் நம் பக்கத்து மனிதர்! எனினும் தலைமையிடம் முதலிற் பெஜவாடாவிலும் பின் வால்டேரிலும் அமைந்தமையால், இன்று இராயலசீமை எனப்படும் பகுதியார்க்கு அது கைக்கெட்டாத் தொலைவாயிற்று, மனக்கசப்பும் வளர்ந்தது. அப்பகுதிக் கல்லூரிகள் சென்னையின் குடையையே நாடின. 1937 நவம்பர் 16இல் சென்னையில் ஸ்ரீபாக் இல்லத்திற் கையெழுத்தான உடன்படிக்கையில், அனந்தப்பூரிலும் ஒரு பல்கலைக் கழக மையம் வேண்டும் என்று எழுதப்பட்டதற்கு இக்கசப்பே காரணம். இராயலசீமையாரும் கடற்கரை மாவட்டத்தாரும் ஒருவரையொருவர் நம்புதற்குப் பல்கலைக் கழகம் ஒரு நிபந்தனையாயிற்று என்பதை எண்ணிப் பார்க்க.

1945இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் திருப்பதியிற் கலைக்கல்லூரி நிறுவியபோது அதுவும் சென்னைப் பல்கலைக் கழகத்தோடே இணைந்தது. சென்னையின் குடைக்கீழ் நிற்பது என்றால், பிரசிடென்சி, கிறிஸ்தவக் கல்லூரி, லயோலா போன்ற பெருங் கல்லூரிகள் இருந்த அதே வட்டத்துள் நிற்பதாகும். அத்தகைய வட்டத்தில் ஒரு மலையடிவார ஊர்ப் பையன் பல்கலைக் கழகக் குழுவில் இடம்பெறுதல் எளிதன்று. இடம்பெற்றுவிட்டாலோ, அவன் ஆட்டத்தைப் பற்றி எவரும் ஐயுறார்.

1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர மாநிலம் அமைந்தது. 1954 செப்டம்பர் 2ஆம் நாள் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக் கழகம் தொடங்கியது. தேவஸ்தானம் நிலம் ஈந்தது, எஸ். கோவிந்தராஜுலு நாயுடு முதல் துணைவேந்தரானார். திருப்பதி, மதனப்பள்ளிக் கல்லூரிகள் இப்புதுக் குடையின் கீழ் வந்தன. பெற்றோர்க்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை. தேர்வுக்கும் பட்டத்துக்கும் சென்னைக்கு ஓட வேண்டிய தேவை ஒழிந்தது. சித்தூரிலிருந்து திருப்பதி ஏறக்குறைய 70 கிலோமீட்டர். சென்னை அதனினும் இரு மடங்கு. பந்தாட்டக்காரனுக்கும் வழி திறந்தது. முன்பு நூற்றில் ஒருவனாய் நின்றவன், இப்போது பத்தில் ஒருவன்.

இதன் மறுபுறத்தையும் சொல்லவேண்டும். பல்கலைக் கழகக் குழுவில் இடம்பெறுவது எளிதாயிற்று. தென்மண்டலத்தில் எதிர் நிற்பவர் எளியராகவில்லை. ஐதராபாத் 1956-57, 1957-58 ஆகிய இரு பருவங்களிலும் சந்தோஷ் கோப்பையை வென்ற கால்பந்து நகரம். அங்கிருந்து வருவது உஸ்மானியா. தெற்கே கேரளம், 1968இல் அங்கே கள்ளிக்கோட்டைப் பல்கலைக் கழகமும் தோன்றி, அசுதோஷ் கேடயத்தைப் பன்முறை கைப்பற்றியது. ஆண்டு முழுதும் பலங்குறைந்தாரோடு ஆடிப் பழகியவன், மண்டலப் போட்டியில் திடீரென்று இவர்களை எதிர்கொண்டால் என்னாவான்? சிறு குளத்துப் பெரிய மீன் ஆற்றில் இறங்கும் நாள் அது. என் எண்ணத்தில், எளிதில் இடம் கிடைப்பதைவிட வலியாரோடு அடிக்கடி ஆடுவதே இளைஞனுக்கு ஆக்கம். இதனை ஒப்பாத நண்பர்கள் நம் காலனியில் உள்ளனர் என்பதும் அறிவேன்.

சிறு குளம் மேலும் சிறுத்தது. 1981இல் அனந்தப்பூரில் ஸ்ரீகிருஷ்ணதேவராயப் பல்கலைக் கழகம் எழுந்தது. ஸ்ரீபாக் உடன்படிக்கையார் விரும்பிய ஊருக்கு 44 ஆண்டு கழித்து ஒரு பல்கலைக் கழகம் வந்தது. 2006இல் கடப்பையில் யோகி வேமனர் பெயராலும், 2008இல் கர்நூலிலும் நெல்லூரிலும் வேறு பல்கலைக் கழகங்கள் வந்தன. இராயலசீமைக்கென்று பிறந்த திருப்பதிப் பல்கலைக் கழகத்தின் குடை, பழைய சித்தூர் மாவட்ட அளவிற்குச் சுருங்கிற்று.

தமிழ் மொழியையும் பழைய உறவையும் எண்ணிச் சித்தூரிலிருந்து வேலூர்க் கல்லூரிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் உண்டு. எல்லை தாண்டினால் சென்னைப் பல்கலைக் கழகம் கிட்டும் என்பது அவர்தம் கணக்கு. 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக் கழகம் அமைந்து, ஊரிசுக் கல்லூரி முதலியன அதன்கீழ்ச் சென்றன. எல்லை தாண்டியவரையும் குடைமாற்றம் விடவில்லை!

ரயில்வே ஊழியர்க்கு இது புதிதன்று. குண்டக்கல் கோட்டம் 1977 அக்டோபர் 2ஆம் நாள் தென்னக ரயில்வேயினின்று தென்மத்திய ரயில்வேக்கு மாற்றப்பட்டது. திருப்பதி நிலையம் ஓர் அங்குலமும் நகரவில்லை. கோப்புகள் மட்டும் சென்னைக்குப் போகாமல் செகந்தராபாத்துக்குப் போயின. விளையாட்டுக் குழுவிற்கு ஆள் தெரிந்தெடுப்பதும் அங்கேயே என்றாயிற்று. 2019இல் அறிவித்த தென் கடற்கரை ரயில்வேயிலும் இக்கோட்டம் சேர்க்கப்பட்டுள்ளது.

இனி, குடை மாறாமல் தாமே குடையாகும் நிறுவனங்கள். அமெரிக்கர் கூறும் மேல் வகுப்பேற்றத்துக்கு நம்மூரில் நெருங்கியது இதுவே. திருப்பதியில் 1961இல் தோன்றிய சமஸ்கிருத வித்யாபீடம் 1987இல் பல்கலைக் கழக நிலை பெற்று, 2020இல் மத்தியப் பல்கலைக் கழகமாயிற்று. 1996இல் தொடங்கிய ஸ்ரீ வித்யாநிகேதன் பொறியியற் கல்லூரி 2022இல் மோகன் பாபு பல்கலைக் கழகம் ஆயிற்று. இவ்வாறு உயர்ந்த நிறுவனத்தின் மாணவன் அண்டைக் கல்லூரிகளோடு ஆடித் தேற வேண்டியதில்லை. நேரே பல்கலைக் கழக வீரனாக மண்டலத்திடலில் இறங்கலாம். ஒரே வளாகத்தில் பதினொரு பேரைத் திரட்டுவதோ நிறுவனத்தின் தலைவலி. அவர்கள் விட்டுச் சென்ற சிறு கல்லூரிகளுக்கு உள்ளூரிலேயே எதிர்த்தாடக் குழு குறைகிறது.

ஆகவே கல்லூரி விண்ணப்பம் நிரப்பும் பெற்றோர், பாடப் பிரிவையும் கட்டணத்தையும் விசாரிக்கும்போது, பையன் பந்தாடுபவனாயின் இன்னும் மூன்று கேள்விகள் கேட்டறிக: அக்கல்லூரி எப்பல்கலைக் கழகத்தோடு இணைந்துள்ளது? அதன் கீழ் எத்தனை கல்லூரிகள் கால்பந்துக்குக் குழு அனுப்புகின்றன? சென்ற மூன்றாண்டுகளில் அப்பல்கலைக் கழகம் தென்மண்டலத்தில் எந்தச் சுற்று வரை சென்றது? உடற்பயிற்சி ஆசிரியரைக் கேட்டால் விடை கிடைக்கும். அலுவலகச் சாளரத்திற் கிடைக்காது.